பழைய காரும் பொய்க்கும் முள்ளும்

பழைய கார்களைப் போற்றிப் பாதுகாக்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவருவது மகிழ்ச்சிக்குரியது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர், மும்பையில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983இல் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களைக் கார் வாங்க வைத்த மாருதி 800 ஆகியவை இன்றும் சில வீடுகளின் முன்னால் துணிப்போர்வைக்குள் உறங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் விழித்துக்கொள்கின்றன. இவற்றின் உரிமையாளர்கள் பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் இருக்கை உறைக்கும் செலவிடுவதில் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தால், ஸ்டீயரிங்குக்கு அப்பால் இருக்கும் வேகமானியின் முள் செத்துக் கிடக்கும். அல்லது முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையே ஊஞ்சலாடும். அல்லது மிக நிதானமாக, ஆடாமல் அசையாமல், தவறான ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "அது பத்து கூட்டிக் காட்டும் சார். நாம கழிச்சுப் பாத்துக்கணும்." சொல்பவரின் குரலில் வருத்தம் இராது. வீட்டுப் பெரியவர் ஒருவரின் காது மந்தமாகிவிட்டதைச் சொல்வதுபோல் ஒருவிதச் செல்லமே இருக்கும்.

இந்தச் செல்லத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு கருவியின் பிழையை அறிந்திருப்பது வேறு, அதைத் திருத்துவது வேறு. அறிந்தவரின் தலைக்குள் மட்டும் குடியிருக்கும் திருத்தம் அவர் வண்டியை விட்டு இறங்கும்போது அவரோடு இறங்கிப் போய்விடுகிறது. அடுத்து அமரும் மகனோ, மருமகளோ, வாடகைக்கு அமர்த்திய ஓட்டுநரோ, நாளை அந்தக் காரை விலைக்கு வாங்கப்போகும் அந்நியரோ அந்தக் கழித்தல் கணக்கை அறியமாட்டார்கள். அவர்கள் முள்ளை நம்புவார்கள். நம்புவதற்காகத்தான் அந்த முள் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அளவையைப் பற்றிய பேச்சு நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் பாசறை வருணனை வரும் இடத்தை நினைவுகூர வேண்டுகிறோம். நீர்க்கடிகாரத்தைக் கொண்டு பொழுதை அளந்து மன்னனுக்கு அறிவிப்போர் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கு நப்பூதனார் தரும் சிறப்பு, அவர்கள் பொய் சொல்லாதவர்கள் என்பதே. வீரர்க்குத் தோள்வலியைச் சொல்லும் புலவர், அளப்போர்க்கு வாய்மையைச் சொல்கிறார். அளவு சொல்லும் தொழிலுக்கு வேறு தகுதி ஒன்றும் வேண்டியதில்லை என்று அவர் கருதினார் போலும். காரின் வேகமானியும் அந்தத் தொழிலையே செய்கிறது.

திருத்துவது என்று முடிவுசெய்த பிறகு, எதைத் திருத்துவது என்ற கேள்வி எழுகிறது. அதற்குக் கருவியின் உள்ளமைப்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய கார்களில் உள்ள வேகமானியின் அடிப்படை, ஸ்ட்ராஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பாகும். கியர் பாக்ஸின் பின்பகுதியில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி ஒன்றைச் சுழற்றுகிறது. மெக்கானிக்குகள் 'மீட்டர் கேபிள்' என்று சொல்வது இதைத்தான். கேபிளின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கிறது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அதன் விளைவாகக் கிண்ணமும் காந்தத்தின் பின்னால் சுழலப் பார்க்கிறது. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. காந்தத்தின் இழுப்பும் சுருளின் தடுப்பும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்க, அதோடு பிணைந்த முள்ளும் நிற்கிறது. அந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்ணையே நாம் வேகம் என்கிறோம்.

அதே கேபிள் இன்னொரு வேலையையும் செய்கிறது. பல்சக்கரங்களின் வழியாக, ஓடிய தொலைவைக் காட்டும் எண்சக்கரங்களை அது உருட்டுகிறது. இங்கே காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை தூரம் என்ற நேரான எண்ணிக்கை மட்டுமே. ஆகவே ஒரே கேபிள் இரண்டு செய்திகளைச் சுமந்து வருகிறது. தொலைவு எண்ணப்படுகிறது, வேகம் மதிப்பிடப்படுகிறது. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால், நோய் எங்கே இருக்கிறது என்பதைக் கருவியைத் திறக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சோதனைக்குத் தேவையானவை ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, உடன் வர ஒரு நண்பர். கூட்டமில்லாத விடியற்காலையில், நேரான நெடுஞ்சாலையில், முள்ளை ஏதேனும் ஓர் எண்ணில் நிலையாக நிறுத்தி ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். நண்பர் கிலோமீட்டர் கற்களையும் கடிகாரத்தையும் பார்க்கட்டும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 60 வினாடி ஆனால் வேகம் மணிக்கு 60 கி.மீ.; 72 வினாடி ஆனால் 50; 90 வினாடி ஆனால் 40. வினாடிகளைக் கொண்டு 3600ஐ வகுத்தால் போதும். சாலையை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதால் ஒரே ஒரு கல்லை நம்புவது கூடாது. பத்துக் கற்களைக் கடந்து, அதற்குள் தொலைவுமானி எவ்வளவு ஏறியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் நண்பர் ஒப்புநோக்கலாம்.

இனி விடைகளைப் படிக்கலாம். முள் ஆடிக்கொண்டே இருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளுடையது: உள்ளே உலர்ந்திருக்கும், அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கும். தொலைவு சரியாகவும் வேகம் மட்டும் தவறாகவும் இருந்தால் குற்றம் மீட்டருக்குள் இருக்கிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். தொலைவும் வேகமும் ஒரே விகிதத்தில் தவறினால், மீட்டர் நிரபராதி. டயரின் அளவு மாறியிருக்க வேண்டும், அல்லது பொருந்தாத பல்சக்கரமோ மீட்டரோ வண்டியில் ஏறியிருக்க வேண்டும். எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வேறுபாடு இருந்தால், முள் தன் தண்டில் இடம் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் அம்பாசிடரில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். முள் 60இல் நிற்கையில் ஒரு கிலோமீட்டருக்கு 72 வினாடி ஆயிற்று. அதாவது உண்மை வேகம் 50தான். ஆனால் பத்துக் கற்களுக்குத் தொலைவுமானி சரியாகப் பத்தே ஏறியது. எனவே டயர், பல்சக்கரம், கேபிள் மூன்றும் குற்றமற்றவை. மீட்டரைக் கழற்றியபோது காரணம் கைகளிலேயே ஒட்டிக்கொண்டது. யாரோ கேபிளுக்குத் தாராளமாகக் கிரீஸ் பூசியிருந்தார்கள். அது கேபிளின் முறுக்கு வழியே மேலேறி மீட்டருக்குள் புகுந்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே பிசினாகப் படிந்திருந்தது. தொடாமல் இழுக்க வேண்டிய காந்தம், கிரீஸின் துணையோடு கிண்ணத்தைப் பிடித்தே இழுத்துக்கொண்டிருந்தது. கேபிளின் மேல்முனையில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவுக்கு மிகுந்த கிரீஸைத் துடைத்துவிட வேண்டும் என்பது பழைய கையேடுகள் சொல்லும் எளிய எச்சரிக்கை. அன்பு மிகுந்து அதை மறந்திருக்கிறார்கள். மீட்டர் பழுதுபார்க்கும் அனுபவசாலி ஒருவர் அதைச் சுத்தம் செய்து, சுருளைச் சரிபார்த்து, முள்ளை அளவிட்டுத் தந்தார். மறு சோதனையில், முள் 60 காட்டும்போது ஒரு கிலோமீட்டருக்கு 62 வினாடி ஆயிற்று. உண்மை வேகம் 58. அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வண்டியின் கதை இதற்கு நேர்மாறானது. பத்துக் கற்களுக்குத் தொலைவுமானி பத்தரை காட்டியது. 60இல் செல்லும்போது முள் 63இல் நின்றது. இரண்டும் ஐந்து விழுக்காடு கூடுதல். அந்த வண்டிக்குக் கிடைத்த விலையில் சற்றுச் சிறிய டயர்களைப் பொருத்தியிருந்தார்கள். சிறிய சக்கரம் அதே தூரத்தைக் கடக்க அதிகச் சுற்றுகள் சுற்றும். அத்தனை சுற்றையும் கேபிள் நாணயமாக மேலே சொல்லும். இதை அறிவதற்கும் எளிய வழியுண்டு. டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, காற்றழுத்தம் சரியாக இருக்க, ஓட்டுநரும் அமர்ந்திருக்க, வண்டியைச் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை நேராகத் தள்ள வேண்டும். கடந்த தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுத்தால், டயர் ஒரு சுற்றில் கடக்கும் நீளம் கிடைத்துவிடும். அந்த வண்டியின் மீட்டரைத் திறந்து சுருளை இறுக்கியிருந்தால் முள் 60இல் வந்து நின்றிருக்கும், எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் தொலைவுமானி தன் பொய்யைத் தொடர்ந்திருக்கும். என்றேனும் சரியான டயர் போட்ட நாளில் வேகமானி குறைத்துக் காட்டத் தொடங்கியிருக்கும். குற்றமற்ற உறுப்பைத் திருத்துவது புதிய குற்றத்தை உண்டாக்குவதாகும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். ஏட்டுச்சுவடியில் ஒரு சொல் பொருந்தாமல் நின்றால், உடனே தமக்குத் தோன்றிய சொல்லை அங்கே எழுதிவிடுவது ஒரு வழி. பிழை நூலாசிரியரிடமா, ஏடெழுதியவரிடமா, செல்லரித்த ஓலையிலா, நம் அறியாமையிலா என்று தேடிப்போவது இன்னொரு வழி. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணியை நாம் இன்றும் மதிப்பது அவர் இரண்டாவது வழியில் சென்றதனால்தான். பாடபேதங்களை விழுங்காமல் வாசகர் கண்ணுக்குக் காட்டியவர் அவர். ஓசைக்குப் பொருந்துகிறதே என்று ஒரு சொல்லைச் செருகுவதும், முள் 60இல் நிற்கிறதே என்று ஒரு சுருளை வளைப்பதும் ஒரே மனப்பான்மையின் இரண்டு செயல்கள்.

வேறு வண்டியின் மீட்டரை வாங்கிப் பொருத்துவோர் பற்றியும் ஒரு சொல். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரி பாகங்களுக்குக் குறைவில்லை. பார்வைக்கு ஒரே அச்சாக இருக்கும் இரண்டு மீட்டர்கள் வெவ்வேறு கணக்கில் அமைந்தவையாக இருக்கலாம். ஒரு மைலுக்கோ ஒரு கிலோமீட்டருக்கோ கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. பழைய மீட்டர்கள் பலவற்றின் முகத்தில் அந்த எண் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வாங்குவதற்கு முன் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். பல்சக்கரத்தை மாற்றிக் கணக்கைப் பொருத்த முடியாத இடத்தில், கேபிளுக்கு நடுவே விகிதம் மாற்றும் சிறிய பல்சக்கரப் பெட்டி ஒன்றைப் பொருத்தும் வழியும் உண்டு. அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மீட்டரை வாங்குவது, அட்டை நன்றாக இருக்கிறது என்று அகராதி வாங்குவதைப் போன்றதாகும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: வேகமானி கூட்டிக் காட்டுவது நல்லதுதானே, ஓட்டுபவர் மெதுவாகச் செல்வாரே என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் ஒழுங்குமுறை, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதனுடன் 4 கி.மீ.யும் சேர்ந்ததே எல்லை. உண்மை வேகம் 40 என்றால் 48 வரை, 80 என்றால் 92 வரை. ஆகப் புதிய கார்களுக்கும் சிறிது மிகைப்படுத்தச் சட்டமே இடம் தருகிறது. கவனிக்க வேண்டியது, அந்த இடம் ஒரு பக்கமாக மட்டுமே திறந்திருக்கிறது என்பதும், அதற்கும் ஒரு வேலி உண்டு என்பதும். வேலியைத் தாண்டிக் கூட்டிக் காட்டும் கருவி யாரையும் மெதுவாக ஓட்டச் செய்வதில்லை. அதை நம்பாமலிருக்கவே அது பழக்குகிறது. பத்தைக் கழிக்கப் பழகியவர், அவசரமான நாளில் இருபதைக் கழிப்பார். வேறொரு வண்டியில் ஏறும்போதும் பழக்கத்தில் பத்தைக் கழிப்பார்.

குறைத்துக் காட்டும் முள்ளோ நேரடியான ஆபத்து. காந்தம் வலுவிழந்த மீட்டர், 60இல் செல்லும் காரை 50 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50இல் இருப்பதைவிட 60இல் அந்தக் காரின் ஆற்றல் 44 விழுக்காடு அதிகம். அத்தனையையும் பிரேக்குகள் தின்று தீர்க்க வேண்டும். அதுவும் பழைய காரின் பிரேக்குகள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும் குழந்தைக்கு, நாம் நம் மனத்தில் வைத்திருக்கும் கூட்டல் கழித்தல் கணக்கு தெரியாது.

இரண்டாவது மறுப்பு: கைபேசி இருக்கும்போது மீட்டர் எதற்கு என்பது. சோதனைக்கு உதவும் கருவி என்ற அளவில் கைபேசியை நாமே மேலே பரிந்துரைத்திருக்கிறோம். ஆனால் வேகம் மாறிய பிறகு அது சற்றுத் தாமதித்தே சொல்லும், சுரங்கப்பாதைக்குள் மௌனமாகும், அழைப்பு வந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடும். மேலும், வேகம் காட்டும் கருவி வண்டியிலேயே, ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி இருக்கிறது. முள் அங்கே இருப்பது அலங்காரத்துக்காக அன்று.

மூன்றாவது மறுப்பு சற்று நுட்பமானது. பழமையை அப்படியே விட்டுவைப்பதே அழகு, பிழையும் அதன் வரலாற்றின் பகுதி என்று சொல்வோர் உண்டு. மங்கிய பெயிண்டுக்கும் தேய்ந்த இருக்கைக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பதை ஒப்புகிறோம். அவை பார்க்கப்படுபவை. வேகமானியோ படிக்கப்படுவது. படிக்கப்படும் ஒன்றில் உள்ள பிழைக்குப் பழமை மன்னிப்பாகாது. அந்தக் காரை வடிவமைத்தவரும் முள் உண்மை சொல்ல வேண்டும் என்றே கருதினார். அந்தக் கருத்தைக் காப்பதும் பழமையைக் காப்பதுதான்.

இறுதியாக ஒன்று. மீட்டரைத் திறக்கும்போது தொலைவின் எண்களும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன. "அப்படியே கொஞ்சம் திருப்பிவிடவா சார்?" என்ற கேள்வி பட்டறைகளில் மிக இயல்பாக எழுவதுண்டு. பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999க்குப் பிறகு அவை தாமாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுவதால், திருப்பப்பட்டதையும் திரும்பியதையும் வேறுபடுத்தி அறிவது எளிதன்று. அந்த மயக்கத்தில்தான் ஏமாற்று பிழைத்துவருகிறது. நம் நிலைப்பாடு தெளிவானது. மீட்டரை மாற்றினால், மாற்றிய தேதி, பழைய மீட்டரின் கடைசி எண், புதிய மீட்டரின் முதல் எண் மூன்றையும் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைக்க வேண்டும். விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேகத்தைத் திருத்தும் கையே தொலைவைக் கெடுக்குமானால், அங்கே நடந்ததைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல முடியாது.

பழைய காரை வைத்திருப்பவர் ஒரு காலத்தைத் தம்மிடம் ஒப்படைக்கப்பெற்றவர். அவருக்குப் பின்னும் அது ஓட வேண்டும். வேறு கைகள் அதன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கப்போகிறவர் நம்மிடம் எந்தக் கழித்தல் கணக்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத நிலையில் வண்டியை வைத்திருப்பதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை. துணிப்போர்வையை விலக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையில், மெருகேற்றும் துணியோடு ஒரு கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பத்துக் கற்கள் போதும்.